உயரத்துக்கு ஒரு காடு: பிரேசர் மலையில் பறவையும் பூவும்

விடுமுறை என்றால் மலையேறுவது மலேசியர்களுக்குப் பழகிப்போன ஒன்று. கெந்திங் மலைக்குப் போகிறவர்கள் கேளிக்கைக்காகப் போகிறார்கள். கேமரன் மலைக்குப் போகிறவர்கள் தேயிலைத் தோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டு, ஸ்ட்ராபெர்ரியும் சோளமும் காரில் ஏற்றிக்கொண்டு திரும்புகிறார்கள். பிரேசர் மலைக்குப் போய் வந்தவரிடம் "அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை, குளிர்தான்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அந்த "ஒன்றுமில்லை"யைப் பார்க்கத்தான் பல நாடுகளிலிருந்து ஆட்கள் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். 1988ஆம் ஆண்டு தொடங்கிய அனைத்துலகப் பறவை காணும் போட்டி அந்த மலைக்கு உலகப் பெயரையே வாங்கிக் கொடுத்துவிட்டது.

கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பஹாங், சிலாங்கூர் மாநிலங்களின் எல்லையில், தித்திவங்சா மலைத்தொடரின் முதுகில் பிரேசர் மலை அமர்ந்திருக்கிறது. லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1890களில் ஈயம் தேடி இங்கே வந்தார். பிறகு ஒருநாள் காணாமல் போனார். 1917இல் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பிஷப் அவரைத் தேடி மலையேறினார். ஆளைக் கண்டுபிடிக்கவில்லை, குளிர்ந்த காற்றைக் கண்டுபிடித்தார். வெயிலில் வாடிய ஆங்கிலேய அதிகாரிகள் ஓய்வெடுக்க ஏற்ற இடம் என்று அவர் சொன்னதன் பேரில் 1919இல் வேலை தொடங்கி, 1922இல் மலைவாசத்தலம் திறக்கப்பட்டது. 1951 அக்டோபர் 6ஆம் தேதி பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டது இந்த மலைக்கு வரும் சாலையில்தான். வரலாறு இவ்வளவு போதும். பார்க்க வேண்டியவை சாலையின் இரு பக்கமும் நிற்கின்றன.

பறவை காணச் செல்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. மலை என்பது ஒரே காடு அல்ல. அடியிலிருந்து உச்சி வரை, மாடிக் கட்டடத்தின் தளங்களைப் போல, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல காடுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தளத்திலும் வேறு மரம், வேறு பூ, வேறு பறவை. இந்த அடுக்கை மனத்தில் வைத்துக்கொண்டு ஏறினால்தான் வழியில் பார்ப்பதெல்லாம் பொருள்படும்.

ஏறும்போது மாறும் காடு

காரணம் வெப்பநிலைதான். ஒவ்வொரு 100 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் ஏறக்குறைய 0.6 டிகிரி செல்சியஸ் குறைகிறது. கோலாலம்பூரில் 32 டிகிரி கொளுத்தும் மதிய வேளையில், 1,200 மீட்டருக்கு மேல் இருக்கும் பிரேசர் மலை நகரத்தில் 24 அல்லது 25 டிகிரி இருக்கும். இந்த 7, 8 டிகிரி நமக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர் விஷயம். மரத்துக்கும் பூச்சிக்கும் அது வாழ்வா சாவா என்ற விஷயம்.

கோலகுபு பாருவைத் தாண்டியதும் சிலாங்கூர் ஆற்று அணைக்கட்டின் நீர்ப்பரப்பு தெரியும். அங்கிருந்து சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. 750 மீட்டர் வரையிலான சரிவில் மெராந்தி குடும்பத்து மரங்கள் ஆட்சி செய்கின்றன. நாற்பது, ஐம்பது மீட்டர் உயரம் செல்லும் இவை, வீட்டுக் கதவுக்கும் மேசைக்கும் பலகை தந்து நமக்கு ஏற்கெனவே அறிமுகமானவை. எதிர்ச் சரிவைத் தள்ளி நின்று பார்த்தால், மலை முகடுகளில் மட்டும் சாம்பல் பூத்த பச்சை நிறத்தில் சில மர உச்சிகள் வரிசையாகத் தெரியும். அது சராயா மரம். பைனாகுலர் இல்லாமலே, ஓடும் காரிலிருந்தே அடையாளம் காணக்கூடிய மலைமரம் இது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

"தி கேப்" என்று சொல்லப்படும் கணவாய் 800 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. அங்கிருந்து மலையுச்சி நகரத்துக்குப் பழைய சாலை 8 கிலோமீட்டர். ஒரு வண்டி போகும் அகலமே உள்ள அந்தச் சாலையில் ஒரு மணி நேரம் ஏறுவதற்கு, அடுத்த ஒரு மணி நேரம் இறங்குவதற்கு என்று வாயிலை அடைத்துத் திறந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். காத்திருந்தவர்கள் அலுத்துக்கொண்டார்கள். பறவை காண வந்தவர்கள் மட்டும் அலுத்துக்கொள்ளவில்லை. அந்தக் காத்திருப்பில் அவர்கள் பார்த்தவை அதிகம்.

இந்த 8 கிலோமீட்டரில் காடு தளம் மாறுகிறது. மெராந்தி மரங்கள் மெல்லக் குறைகின்றன. 1,200 மீட்டரை நெருங்கும்போது ஓக் மரங்களும் இலவங்கப்பட்டைக் குடும்பத்து மரங்களும் முன்னால் வருகின்றன. ஓக் என்றால் ஐரோப்பாவில் அல்லவா என்று கேட்கலாம். அதே குடும்பம்தான். நடைபாதையில் குனிந்து பார்த்தால், சின்னக் கிண்ணத்தில் உட்கார்ந்தது போன்ற வழவழப்பான காய்கள் கிடக்கும். அவை ஓக் காய்கள். இன்னும் மேலே 1,500 மீட்டரை ஒட்டி மரங்கள் குட்டையாகி, கிளைகள் முறுக்கிக்கொண்டு, உடலெல்லாம் பாசி போர்த்தி நிற்கும். மேகம் அடிக்கடி தங்கும் உயரம் அது. பாசி அந்த மேகத்தின் ஈரத்தைத் துளித்துளியாகப் பிடித்து மண்ணில் இறக்குகிறது. மழை பெய்யாத நாளிலும் அங்கே மரத்தடி நனைந்திருப்பது இதனால்தான்.

குக்குறுவான் காட்டும் கணக்கு

பறவைகள் இந்தத் தளங்களை எவ்வளவு கறாராகப் பின்பற்றுகின்றன என்பதற்கு ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வது போதும். ஆங்கிலத்தில் பார்பெட், தமிழில் குக்குறுவான். தடித்த அலகு, பச்சை உடல், மரத்தில் ஓட்டை போட்டுக் குடியிருக்கும் பறவை. கோலாலம்பூர் வீடமைப்புப் பகுதிகளில் காலை நேரத்தில் யாரோ செம்புப் பாத்திரத்தைத் தட்டுவது போல் "டொக், டொக், டொக்" என்று ஓயாமல் ஒரு குரல் கேட்கும். அது செம்மார்புக் குக்குறுவான். தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் அதே பறவைதான், அதே குரல்தான்.

காட்டுக்குள் நுழைந்ததும் அது மறைந்துவிடுகிறது. அடிவாரச் சரிவுகளில் அதன் இடத்தைப் பெரிய உருவமுள்ள பொன்மீசைக் குக்குறுவான் எடுத்துக்கொள்கிறது. அதன் குரல் கனமானது. பள்ளத்தாக்கு முழுதும் எதிரொலிக்கும். கேப் சாலையில் பாதி ஏறியதும் அந்தக் குரலும் குறைந்து, கருப்புப் புருவம் கொண்ட வேறொரு குக்குறுவான் கூவத் தொடங்கும். மலையுச்சி நகரத்தை அடைந்ததும் கேட்பது குக்குறுவானின் குரல் என்று யாரும் நம்பமாட்டார்கள். சில்வண்டு இரைவது போல மெதுவாக ஆரம்பித்து, வேகமெடுத்து, சட்டென்று நிற்கும். அலகின் அடியில் சிவந்த நுனியுள்ள ரோமக் கொத்து கொண்ட தீக்கொத்துக் குக்குறுவான் அது. மலாயா தீபகற்பத்தின் மலைகளிலும் சுமத்ராவின் மலைகளிலும் மட்டுமே அது வாழ்கிறது. சமவெளியில் ஆயுள் முழுதும் தேடினாலும் கிடைக்காது.

நான்கு குரல், நான்கு உயரம். கண்ணை மூடிக்கொண்டு காரில் ஏறினாலும், எந்த உயரத்தில் இருக்கிறோம் என்பதைக் குக்குறுவானே சொல்லிவிடும். தேன்சிட்டிலும் இதே கதைதான். வீட்டுச் செம்பருத்தியில் வந்து தொங்கும் தேன்சிட்டு வேறு. மலையில் காட்டு வாழைப்பூவில் தொங்கும் கருந்தொண்டைத் தேன்சிட்டு வேறு.

பெயர் பற்றி இங்கே ஒரு வார்த்தை. இந்த மலைப் பறவைகள் பலவற்றுக்குத் தனித்தமிழ்ப் பெயர் இல்லை. ஆனால் குடும்பப் பெயர்கள் நம்மிடம் உண்டு. குக்குறுவான், கரிச்சான், மின்சிட்டு, ஈப்பிடிப்பான், சிலம்பன், தீக்காக்கை, இருவாச்சி ஆகியவை மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவைகளுக்கு வழங்கும் பெயர்கள். அவற்றின் உறவினங்கள்தாம் இங்கே இருப்பவை. பெரிய இருவாச்சி இரண்டு இடத்திலும் வாழ்கிறது. ஆகவே பிள்ளைகளுக்குத் தமிழிலேயே சொல்லிக் கொடுக்கலாம். கூச்சப்பட ஒன்றுமில்லை.

பறவை அலை

முதல் முறை செல்கிறவர்கள் பெரும்பாலும் ஏமாற்றத்தோடு ஆரம்பிக்கிறார்கள். அரை மணி நேரம் நடந்தும் ஓர் இறகுகூடக் கண்ணில் படாது. காடு வெறுமையாக இருக்கிறதோ என்று தோன்றும். பிறகு திடீரென்று ஒரு கிளை அசையும். "ட்ஸீ" என்று மெல்லிய குரல். அடுத்த கணம் நான்கு பக்கமும் பறவைகள். எதைப் பார்ப்பது என்று முடிவு செய்வதற்குள் பாதி போய்விடும். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் நிசப்தம். பறவை காண்பவர்கள் இதைப் "பறவை அலை" என்கிறார்கள்.

இந்த அலை தற்செயல் அல்ல. பல இனங்கள் சேர்ந்து ஒரே கூட்டமாகக் காட்டைச் சுற்றி இரை தேடுகின்றன. தரையை ஒட்டிய புதரில் சிறு சிலம்பன்கள், நடுமட்டத்துக் கிளைகளில் ஈப்பிடிப்பான்கள், மரத்தண்டில் மேலும் கீழும் ஓடும் நீல நிறப் பசையெடுப்பான், உச்சியில் நெருப்புத் துணுக்கு போன்ற மின்சிட்டுகள். ஒவ்வொன்றும் தன் மட்டத்திலேயே மேய்வதால் போட்டி குறைவு. கூட்டமாக இருப்பதில் இலாபம் இரண்டு. பல கண்கள் காவல் இருக்கின்றன. வல்லூறு வந்தால் ஒன்றாவது பார்த்துக் குரல் கொடுக்கும். ஒரு பறவை இலையை உதறும்போது தப்பி ஓடும் பூச்சி இன்னொன்றின் வாயில் விழுகிறது. இதை நன்றாகப் புரிந்துவைத்திருப்பது துடுப்புவால் கரிச்சான்தான். மற்றவர்கள் கலைத்துவிடும் பூச்சியை நடுவழியில் பிடித்துத் தின்று பிழைக்கிறது. அதே வேளை, ஆபத்து என்றால் உரக்கக் கத்துவதும் அதுதான். இலவசச் சாப்பாட்டுக்கு அது கொடுக்கும் விலை என்று வைத்துக்கொள்ளலாம்.

அலையைத் துரத்தக்கூடாது. துரத்துகிறவர்களுக்கு வால்தான் தெரியும். கூட்டம் எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்த்து, நாற்பது ஐம்பது அடி முன்னால் போய், ஒரு மரத்தடியில் அசையாமல் நிற்க வேண்டும். அவை தாமாகவே வந்து தலைக்குமேல் நிறையும். வெறுங்கண்ணால் பறவையைப் பார்த்து, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வருவது இன்னொரு பழக்கம். முதலில் பைனாகுலரை வைத்துக்கொண்டு பறவையைத் தேடினால் இலைதான் கிடைக்கும். எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரணக் கருவியே காட்டுக்குப் போதுமானது. விலை உயர்ந்த கேமரா இல்லையே என்று வருந்துபவர்கள், கேமரா உள்ளவர்கள் பறவையைப் பார்ப்பதே இல்லை என்பதை எண்ணி ஆறுதல் அடையலாம்.

நேரம் முக்கியம். மலையில் ஏழேகால் மணிக்கு முன்பாகவே சாலையில் இருக்க வேண்டும். இருள் முழுதும் விலகாத அந்த வேளையில்தான் நீலக்கருமையான மலாயாச் சீகாரப் பூங்குருவி சாலையோரம் இறங்கி இரை பொறுக்கும். பிறகு காட்டுக்குள் மறைந்துவிடும். மலாயா மலைகளைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை அது. காலை பத்து மணிக்கு மேல் காடு அடங்கிவிடுகிறது. காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு சாவகாசமாகப் பத்தரைக்குப் புறப்படும் குடும்பங்கள் "ஒன்றுமில்லை" என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

தயங்காமல் மக்கள் நடமாட்டத்தருகே வரும் பறவைகளும் உண்டு. ஆரஞ்சுத் தொண்டையும், கருந்தலையில் வெள்ளிக்காசு ஒட்டியது போன்ற செவியும் கொண்ட வெள்ளிச்செவி மீசியா பிரேசர் மலையின் அடையாளப் பறவையாகவே கருதப்படுகிறது. நகரத்துப் பூஞ்செடிகளிலேயே கூட்டமாகத் திரியும் இந்தப் பறவை, சுமத்ராவில் கூண்டுப் பறவை வணிகத்துக்காக வலைவீசிப் பிடிக்கப்பட்டு அரிதாகிவிட்டது. இங்கே கைக்கெட்டும் தூரத்தில் பாடுவதைக் கேட்கும்போது அந்த வேறுபாட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். அக்டோபருக்குப் பிறகு சைபீரியக் குளிருக்குத் தப்பி வரும் முகிமாக்கி ஈப்பிடிப்பானும் இந்தக் கூட்டங்களில் சேர்ந்துகொள்ளும். ஏப்ரலில் திரும்பிவிடும்.

தூரத்துப் பள்ளத்தாக்கிலிருந்து காலையில் எழும் பெருங்கூச்சல் பறவையுடையது அல்ல. தொண்டைப் பையை உப்பவைத்துக்கொண்டு குடும்பமாகக் கத்தும் சியாமாங் குரங்கு அது. இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தும் கேட்கும்.

பூவைத் தேட எங்கே பார்ப்பது

மலையையும் மலை சார்ந்த இடத்தையும் ஒரு பூவின் பெயரால் குறிஞ்சி என்று அழைத்தவர்கள் தமிழர்கள். ஆனால் மலைக்குப் போய்ப் பூ பார்க்கும் பழக்கம் நம்மிடம் பூங்காவோடு நின்றுவிட்டது. பிரேசர் மலை நகரத்தில் மணிக்கூண்டைச் சுற்றியும் பழைய பங்களாக்களின் முற்றத்திலும் பூத்துக் குலுங்கும் செடிகள் பல ஆங்கிலேயர் காலத்துத் தோட்டப் பூக்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவை. அழகுதான். ஆனால் அவை அந்த மலையின் பூக்கள் அல்ல. காட்டுப் பூ அவ்வளவு ஆர்ப்பாட்டமாக நிற்காது.

வெப்பமண்டலக் காட்டில் வசந்தகாலம் என்று ஒன்று கிடையாது. எந்த மாதம் போனாலும் ஏதோ ஒன்று பூத்திருக்கும். எல்லாம் சேர்ந்து பூக்காது. ஆகவே பார்க்கும் இடத்தை அறிந்திருக்க வேண்டும். முதல் இடம் சாலையோரத்து ஈரப் பாறை. நீர் கசியும் பாறைச் சுவரில் பிகோனியாவும் காட்டுக் காசித்தும்பையும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிகோனியாவின் இலையில் ஒரு பாதி பெரிது, மறுபாதி சிறிது. கோணலாக வெட்டிய இதயம் போல. பூ இல்லாதபோதும் அதை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

இரண்டாவது இடம் காலடி. காட்டு இஞ்சி ஆளுயரத்துக்கு இலை விட்டிருக்கும். பூவைத் தேடி அண்ணாந்து பார்த்தால் கிடைக்காது. பல இஞ்சி வகைகளில் பூ தண்டின் அடியில், மண்ணிலிருந்து நேராக, சருகை விலக்கிக்கொண்டு சிவப்பாக முளைத்திருக்கும். மூன்றாவது இடம் தலைக்கு மேல். ஆர்க்கிட் வகைகள் பலவும், சில ரோடோடென்ட்ரான்களும் மரக்கிளைகளில் தொற்றி வளர்கின்றன. அவை மரத்தை உறிஞ்சுவதில்லை. நிற்க இடம் மட்டும் கேட்கின்றன. பாதையில் புதிதாக விழுந்த பூ கிடந்தால் அங்கேயே நின்று மேலே பார்க்க வேண்டும். கீழே விழுந்த பூதான் உச்சியில் இருக்கும் தோட்டத்தின் விலாசம்.

பூ என்று நினைத்துப் பலரும் படம் எடுக்கும் குடுவைச் செடியில் தொங்குவது பூ அல்ல, இலையின் நுனி. மலாய்க்காரர்கள் அதைப் "பெரியோக் கெரா", அதாவது குரங்கின் பானை என்கிறார்கள். முகட்டு மண்ணில் நைட்ரஜன் சத்து குறைவு. இலை நுனியைக் குடுவையாக்கி, விளிம்பில் தேன் தடவி, வழுக்கி விழும் பூச்சிகளைச் செரித்து அந்தக் குறையை இந்தச் செடி ஈடு செய்கிறது. அதில் விரலை விட்டுப் பார்க்கவோ, வீட்டில் வளர்க்கப் பிடுங்கவோ கூடாது. சமவெளி வெயிலில் அந்த மலைச் செடி பிழைப்பது அரிது. பிடுங்கியவர் ஒரு செடியைக் கொன்றதுதான் மிச்சம்.

நடைபாதைகளில் ஹெம்மண்ட் பாதையும் பிஷப் பாதையும் பிள்ளைகளோடு செல்ல ஏற்றவை. பைன் ட்ரீ பாதை நீண்டது, உடல்வலு வேண்டும். வயதானவர்கள் டெலிகாம் லூப் சாலையில் நடந்தாலே பாதிப் பறவைகளைப் பார்த்துவிடலாம். மழைக்குப் பிறகு அட்டை உறுதி. காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டால் பெரும்பாலும் தப்பலாம். கடித்துவிட்டால் பதற வேண்டாம். நகத்தால் மெல்லத் தள்ளிவிட்டால் போதும்.

மேலே போக இடமில்லை

இனி, அந்த அடுக்குக்கு என்ன ஆகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 100 மீட்டருக்கு 0.6 டிகிரி என்ற கணக்கைத் திருப்பிப் போட்டால் கவலை தெரியும். பூமியின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால், ஒரு பறவை தனக்குப் பழகிய குளிரைத் தேடி ஏறக்குறைய 170 மீட்டர் மேலே போக வேண்டும். ஒன்றரை டிகிரி என்றால் 250 மீட்டர். பிரேசர் மலை வட்டாரத்தில் பைன் ட்ரீ குன்றின் உச்சி 1,450 மீட்டருக்குள்தான். 1,200 மீட்டரில் தொடங்கும் மலைக்காட்டுப் பறவைக்கு அங்கே மிஞ்சியிருக்கும் படிக்கட்டு வெறும் 250 மீட்டர். அதற்குமேல் வானம்தான். மலை உயர உயரக் குறுகுவதால், ஏறும் ஒவ்வோர் அடியிலும் வாழும் பரப்பும் சுருங்குகிறது.

இது வெறும் காகிதக் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. பெரு நாட்டில் ஒரே மலையில் 1985இலும் 2017இலும் பறவைகளைக் கணக்கெடுத்தவர்கள், பெரும்பாலான இனங்கள் மேலே நகர்ந்திருப்பதையும், உச்சியில் வாழ்ந்த சில இனங்கள் காணாமலே போயிருப்பதையும் கண்டார்கள். தென்கிழக்காசியப் பறவைகளின் உயர வரம்புகளைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்றும் 2007இல் வெளிவந்தது. பல இனங்கள் மேல்நோக்கி நகர்ந்திருப்பதற்கான அறிகுறிகளை அது காட்டியது. தித்திவங்சாவில் 2,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள் உண்டே, பறவைகள் அங்கே போகக்கூடாதா என்று கேட்கலாம். பறந்து போக முடிந்தவை போகலாம். ஆனால் அடர்காட்டை விட்டு வெளியே வரத் தயங்கும் மலைக் கௌதாரியும், தரையில் மட்டுமே திரியும் மலை மயிற்கோழியும் வெயில் காயும் நெடுஞ்சாலையையும் காய்கறித் தோட்டத்தையும் கடந்து போகுமா? காடு துண்டுபடாமல் இருந்தால்தான் அந்த வழி திறந்திருக்கும்.

அதனால்தான் உச்சியைக் காப்பதோடு சரிவையும் காக்க வேண்டியிருக்கிறது. சரிவில் காடு வெட்டப்பட்டால் கீழ்த்தளத்துப் பறவைக்கு மேலே ஏறும் படியே போய்விடுகிறது. ஜெரியாவ் பள்ளத்தாக்கில் குழிப்பந்து மைதானத்துக்காகக் காடு அழிக்கப்பட்டபோது, மண் வழிந்து, பெயர்பெற்ற ஜெரியாவ் நீர்வீழ்ச்சியின் குளம் தூர்ந்துபோனது. முன்பு அங்கே குளித்தவர்களுக்கு அது தெரியும். 2021இல் மலையுச்சி நகரத்தில் பல மாடி உல்லாச விடுதி கட்டும் திட்டம் வெளியானபோது, இயற்கை ஆர்வலர்களும் குடியிருப்பாளர்களும் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். சுற்றுப்பயணிகள் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்தச் சிறிய மலைநகரம் எவ்வளவு தாங்கும் என்பதே அவர்களின் கேள்வி. கேள்வி நியாயமானது. கேமரன் மலையில் அதைக் காலத்தோடு கேட்காததன் பலனை ஒவ்வொரு மண்சரிவின்போதும் பார்க்கிறோம்.

பறவைக்கு மட்டுமான விஷயமும் அல்ல இது. சிலாங்கூர் ஆறு பிறப்பது இந்த மலைச் சரிவுகளில்தான். கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் பாதிக்கு மேல் அந்த ஆற்றின் தண்ணீர். பாசி போர்த்திய அந்தக் குட்டை மரங்கள் மேகத்திலிருந்து பிடித்து இறக்கும் துளிகளும் அதில் சேர்த்தி.

பறவை காணச் செல்பவர்களும் முற்றிலும் குற்றமற்றவர்கள் அல்லர். கைப்பேசியில் பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது இப்போது சுலபமாகிவிட்டது. தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக நினைத்து அது கூட்டை விட்டு ஓடி வருகிறது. ஒருமுறை என்றால் பரவாயில்லை. வார இறுதி தோறும், ஒரே வளைவில், பத்துக் குழுக்கள் இதையே செய்தால் அந்தப் பறவை குஞ்சுக்கு இரை கொடுப்பது எப்போது? படம் எடுப்பதற்காகப் புழுவைப் போட்டுப் பழக்குவதும் இப்படித்தான். கூடு கண்ணில் பட்டால் விலகிப் போவதே முறை. நீளவால் அகன்ற அலகுப் பறவையின் கூடு பாதைக்கு மேலேயே பை போலத் தொங்கும். கிளையை ஒதுக்கிப் படம் எடுத்தால் வெயிலும் வேட்டைப் பிராணியும் உள்ளே நுழைந்துவிடும்.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு இந்தப் பயணம் இன்னும் புதுமையாக இருக்கும். அவர்களின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமாவே 163 மீட்டர்தான். மலைக்காடு என்ற தளமே அங்கே இல்லை. 1940இல் தொடங்கிய மலாயா இயற்கைச் சங்கத்தின் ஒரு கிளையாக இருந்து பின்னர் தனிச் சங்கமான சிங்கப்பூர் இயற்கைச் சங்கமும், மலேசிய இயற்கைச் சங்கமும் பறவை காணும் நடைகளை நடத்துகின்றன. புதியவர்கள் அவர்களோடு ஒருமுறை சென்றால், புத்தகத்தில் ஒரு மாதம் படிப்பதை ஒரே காலையில் கற்கலாம்.

தனியாகச் செல்பவர்கள் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்துச் செல்வது நல்லது. பறவையின் பெயரோடு தேதி, நேரம், உயரம் ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். உயரத்தை இப்போது கைப்பேசியே காட்டிவிடுகிறது. அந்தக் குறிப்பை, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் நடத்தும் ஈபேர்ட் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவு செய்யலாம். கேப் சாலையின் எந்த வளைவில் பொன்மீசைக் குக்குறுவானின் குரல் நின்றது, எந்த வளைவில் கருப்புப் புருவக்காரனின் குரல் தொடங்கியது என்பதை இந்த ஆண்டு ஒரு பள்ளி மாணவர் எழுதி வைத்தால், இருபது ஆண்டு கழித்து அதே வளைவில் நிற்பவருக்கு எல்லை எத்தனை மீட்டர் ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.